சிமுலேஷன் ஹாக்கி லீகில் பிளேஆஃப் விதியை மாற்றுவதும் எம்விபியைத் தேர்ந்தெடுப்பதும்

கணினி ஆடித் தரும் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்றை நண்பர்களோடு நடத்துகிறவர்களுக்குச் சீசனின் பெரும்பகுதி அமைதியாகவே கழியும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேலாளர் இருப்பார். அவர் லைன்களை, அதாவது யார் யாரோடு சேர்ந்து களமிறங்குவது என்ற பட்டியலை, அனுப்புவார்; டிரேடுக்கு, அதாவது ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள, பேரம் பேசுவார். ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜரோ ஈஸ்ட்சைடு ஹாக்கி மேனேஜரோ வேறு ஏதேனும் மென்பொருளோ ஆட்டத்தை ஓட்டி முடிவைச் சொல்லிவிடும். சண்டை வருவது கடைசி மாதத்தில்தான். வழக்கமான சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃபுக்குள் யார் நுழைவது, யாரோடு யார் மோதுவது என்பது ஒரு சண்டை. அந்தச் சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், அதாவது எம்விபி, யார் என்பது இன்னொரு சண்டை. பார்வைக்கு இரண்டும் வேறு வேறாக இருந்தாலும் கிளம்புவது ஒரே ஓட்டையிலிருந்துதான்: விதியையோ வரையறையையோ எழுத உட்காரும் நேரத்தில், அதனால் யாருக்கு லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கிறது. அது தெரியாத காலத்திலேயே எழுதி முடிப்பது எப்படி என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது. பல சீசன்கள் லீகை நடத்தும் கமிஷனராக இருந்து, சிலவற்றைச் சரியாகவும் பலவற்றைத் தவறாகவும் செய்தவன் எழுதுவது இது.

எது கோளாறு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்

விதியை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை பெரும்பாலும் ஓர் அதிர்ச்சித் தோல்விக்கு மறுநாள் காலையில் வரும். முதலிடம் பிடித்த அணி எட்டாம் இடத்து அணியிடம் தோற்றிருக்கும். அதன் மேலாளர் மென்பொருளைத் திட்டுவார், பிறகு பிளேஆஃப் முறையைத் திட்டுவார். அவருக்கு நீங்கள் காட்ட வேண்டியது நிஜ ஹாக்கியை, வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எச்எல்லை. 2018-19 சீசனில் 62 வெற்றிகளும் 128 புள்ளிகளும் பெற்ற டாம்பா பே லைட்னிங், முதல் சுற்றிலேயே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று என்எச்எல் சாதனையே படைத்த பாஸ்டன் ப்ரூயின்ஸ், ஃபுளோரிடா பாந்தர்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஹாக்கியில் கோல் அரிது, கோலின்மேல் அதிர்ஷ்டத்தின் கை கனமாக விழும்; மென்பொருள் அதைப் பின்பற்றினால் அது பழுதல்ல.

எனவே கோரிக்கை வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அளவுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம் என்று லீக் விரும்புகிறது என்பதே. இதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 55 விழுக்காடு வாய்ப்புள்ள அணி, மூன்று ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 57.5 விழுக்காடு, ஐந்து ஆட்டத் தொடரில் அது 59.3, ஏழு ஆட்டத் தொடரில் 60.8. அதாவது ஒற்றை ஆட்டத்திலிருந்து ஏழு ஆட்டத்துக்குப் போனாலும் பலமான அணிக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு ஆறு விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவு. இடைவெளி பெரிதாக இருக்கும்போதுதான் தொடரின் நீளம் நன்றாக உதவுகிறது: ஆட்டத்துக்கு 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு மூன்று ஆட்டத் தொடரில் 64.8, ஏழு ஆட்டத் தொடரில் 71 விழுக்காடு. அப்படிப்பட்ட அணிகூட நான்கு சுற்றுகளையும் கடந்து கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். 55 விழுக்காட்டு அணிக்கு அது பதினான்கு விழுக்காட்டைத் தொடுவதில்லை. இந்த எண்களை விதிப்புத்தகத்தின் பிளேஆஃப் பகுதிக்கு முன்னுரையாகவே ஒட்டி வைத்துவிடலாம். எங்கள் லீகில் அப்படிச் செய்த பிறகு பாதிக் கோரிக்கைகள் வருவது நின்றது.

தொடரின் நீளத்தைவிட அதிகம் பேச வேண்டியது எத்தனை அணிகளை உள்ளே விடுவது என்பது. என்எச்எல்லில் 32 அணிகளில் 16 உள்ளே போகின்றன. பாதி என்பதை உச்சவரம்பாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பன்னிரண்டு அணி லீகில் எட்டு அணிகளை விட்டால், எண்பது ஆட்டங்கள் ஓட்டியது நான்கு அணிகளைக் கழிப்பதற்குத்தானா என்று ஆகிவிடும். தகுதிச்சுற்று ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் 2020ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பெருந்தொற்றால் நின்றுபோன சீசனை முடிக்க என்எச்எல் 24 அணிகளை அழைத்து, ஐந்து ஆட்டத் தகுதிச்சுற்று வைத்தபோது, லீகின் இரு பாதிகளான கான்ஃபரன்ஸ்களில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்த மான்ட்ரியலும் சிகாகோவும் ஐந்தாம் இடத்து அணிகளான பிட்ஸ்பர்கையும் எட்மன்டனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டன. உற்சாகம் வேண்டுமென்றால் தகுதிச்சுற்று நல்ல வழி. நியாயம் வேண்டுமென்று கேட்டவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பழைய சீசனை மறுபடி ஓட்டிப் பாருங்கள்

நிஜ லீகுகளுக்குக் கிடைக்காத ஒரு வசதி உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவானவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். நடந்து முடிந்த சீசனை நீங்கள் திரும்ப நடத்தலாம். வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் லீகின் கணினிக் கோப்பினை நகலெடுத்து, சீசனின் எண்ணையும் தேதியையும் பெயரில் சேர்த்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். விதி மாற்றம் பேசப்படும்போது அந்த நகலைத் திறந்து, பழைய முறையில் பிளேஆஃபை ஓட்டி முடிவைக் குறித்துக்கொண்டு, சேமிக்காமல் மூடி, மறுபடி திறந்து ஓட்டுங்கள். பிறகு புதிய முறையிலும் அதையே செய்யுங்கள்.

குறிக்க வேண்டியவை மூன்று: முதலிரண்டு இடங்களில் முடித்த அணிகள் எத்தனை முறை கோப்பையை வென்றன, கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு நுழைந்த அணி எத்தனை முறை வென்றது, லீகின் மிகச் சிறந்த இரண்டு அணிகள் எந்தச் சுற்றில் சந்தித்தன. பத்து முறை ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நூறு முறை ஓட்டினாலும் ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஒரு விடையில் மேலும் கீழுமாகப் பத்து விழுக்காட்டுப் புள்ளி வரை பிழை இருக்கலாம். நானூறு முறை ஓட்டினால் அது ஐந்தாகக் குறையும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மேலே சொன்ன தொடர் வாய்ப்புக் கணக்கை ஒரு விரிதாளில் போட்டுக்கொள்ளலாம். மென்பொருள் புதிய முறையை ஏற்காமல், சுற்றுகளின் அட்டவணையைக் கையால் அமைக்க வேண்டியிருந்தாலும் விரிதாளே எளிது.

ஒரே ஒரு சீசனை வைத்துச் சோதிக்காதீர்கள். குறைந்தது மூன்று பழைய சீசன்களை எடுங்கள். அவற்றில் ஒன்றிலாவது இப்போது விதி மாற்றம் கேட்கிறவரின் அணி பின்தங்கிக் கிடந்திருக்க வேண்டும். தன் அணி மோசமாக இருந்த ஆண்டில் இந்த விதி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்த பிறகும் அவர் அதைக் கேட்டால், அந்தக் கோரிக்கையை மதித்துப் பேசலாம்.

மோதல் வரிசை

2013-14 முதல் என்எச்எல் பின்பற்றும் முறையில் நான்கு பிரிவுகளிலும் முதல் மூன்று அணிகள் நேரடியாக நுழைகின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் அவற்றுக்கு அடுத்தபடி புள்ளி அதிகமுள்ள இரண்டு அணிகள் வைல்டு கார்டாகச் சேர்கின்றன. மோதல் வரிசை தொடக்கத்திலேயே நிலைத்துவிடுகிறது. அதற்கு முன், 1994 முதல், ஒன்று முதல் எட்டு வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மிஞ்சியவர்களில் மேலே உள்ளவரைக் கீழே உள்ளவரோடு மோதவிடும் மறுவரிசை முறை இருந்தது. சிமுலேஷன் லீகுகளில் வரும் விதி மாற்றக் கோரிக்கைகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையிலான ஊசலாட்டம்தான்.

நிலைத்த வரிசையின் குறை 2017இல் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆண்டு லீகின் முதலிடம் 118 புள்ளிகளோடு வாஷிங்டனுக்கு, இரண்டாமிடம் 111 புள்ளிகளோடு பிட்ஸ்பர்குக்கு, நான்காமிடம் 108 புள்ளிகளோடு கொலம்பஸுக்கு. மூன்றும் ஒரே பிரிவு. விளைவாக இரண்டாமிடமும் நான்காமிடமும் முதல் சுற்றில் மோதின. அதில் வென்ற பிட்ஸ்பர்க், முதலிடத்து அணியை இரண்டாம் சுற்றிலேயே சந்தித்தது. உங்கள் லீகில் பிரிவுகளுக்கிடையே பலம் சமமாக இல்லையென்றால் மறுவரிசை முறையே மேல். அதே பிரிவுக்குள் பரம்பரைப் பகை வளர்ந்து, மேலாளர்கள் அதை ரசிக்கிறார்கள் என்றால் நிலைத்த வரிசையை விட்டுவிடாதீர்கள். பகை இல்லாத லீக் மூன்று சீசனுக்குமேல் தாங்குவதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. வட அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகான பிடபிள்யூஎச்எல், 2024இல் தொடங்கிய முதல் சீசனிலேயே, முதலிடத்து அணி தன் எதிரணியை மூன்றாம், நான்காம் இடத்து அணிகளிலிருந்து தானே தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்தது. டொரன்டோ நான்காமிடத்து மினசோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களை வென்றது. பிறகு மூன்றையும் தோற்றது. மினசோட்டா கோப்பையையே வென்றது. சிமுலேஷன் லீகுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியவில்லை. தேர்வு செய்தவர் தோற்றால் குறை சொல்ல ஆளில்லை. தேர்வை அறிவிக்க 24 மணி நேரக் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் கீழ்மட்ட அணி தானாக ஒதுக்கப்படும் என்றும் எழுதுங்கள்.

சமநிலை முறிக்கும் விதி

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. நான் நடத்திய ஒரு லீகில் கடைசி பிளேஆஃப் இடத்துக்கு இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றன. விதிப்புத்தகத்தில் ‘பரஸ்பர ஆட்டங்களின் முடிவு’ என்ற மூன்றே சொற்கள் இருந்தன. அந்த அணிகள் மூன்று முறை மோதியிருந்தன. அவற்றில் இரண்டு ஒரே அணியின் சொந்த அரங்கில். அந்த அணி 2-1 என்று முன்னிலை. மற்றவர், ‘எனக்கு ஓர் ஆட்டம்தான் சொந்த அரங்கில் கிடைத்தது, இது என்ன நியாயம்’ என்று கேட்டார். கேட்டது சரிதான். நான் அவசரத்தில் கோல் வித்தியாசத்தைப் பார்க்கலாம் என்று அறிவித்தேன், முடிவு தலைகீழானது. அந்த அறிவிப்பை வெளியிட்ட நிமிடத்தில் கோல் வித்தியாசம் யாருக்குச் சாதகம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மேலாளர்கள் அந்தச் சீசனோடு விலகினார்கள்.

என்எச்எல் இந்தச் சிக்கலை முன்பே யோசித்து எழுதியிருக்கிறது. புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது வழக்கமான 60 நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை; பிறகு ஓவர்டைம் எனும் கூடுதல் நேரத்து வெற்றிகளைச் சேர்த்து, ஷூட்அவுட்டை (கோல்கீப்பருக்கு எதிராக ஒவ்வொருவராக கோல் முயலும் போட்டி) தவிர்த்த எண்ணிக்கை; பிறகு மொத்த வெற்றிகள்; அதன் பிறகே பரஸ்பர ஆட்டங்களில் பெற்ற புள்ளிகள். அந்த ஆட்டங்கள் இரு அரங்குகளிலும் சம எண்ணிக்கையில் நடக்கவில்லையென்றால், கூடுதல் ஆட்டம் நடந்த அரங்கின் முதல் ஆட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். கடைசியாகக் கோல் வித்தியாசம், அடித்த கோல்கள். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மென்பொருள் தரவரிசைப் பட்டியலை எந்த வரிசையில் அடுக்குகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். அது வேறாக இருந்தால், ‘பட்டியலில் காணும் வரிசை இறுதியானதல்ல, விதிப்புத்தகமே இறுதியானது’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஓவர்டைமைப் பற்றி ஒரு சொல் போதும். என்எச்எல்லின் வழக்கமான சீசனில் 2015-16 முதல் ஐந்து நிமிடம் மூவருக்கு மூவர், பிறகு ஷூட்அவுட். பிளேஆஃபில் ஐவருக்கு ஐவர், கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட்டம் தொடரும். மென்பொருளில் பிளேஆஃபுக்கான அமைப்பு தனியாக இருக்கிறதா, முதல் சுற்றுக்கு முன் அது சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏழாவது ஆட்டம் ஷூட்அவுட்டில் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது இனிய அனுபவமல்ல. (1936இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய ஆட்டம் ஓவர்டைமில் மட்டும் 116 நிமிடம் 30 நொடி ஓடி, ஒற்றைக் கோலில் முடிந்தது. இன்றைய மென்பொருள்களில் அப்படி ஒன்று நடந்தால் உங்கள் லைன்களின் களைப்பு எண்களைப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.)

மாற்றத்தை எழுதி, வாக்குக்கு விடுதல்

விதி மாற்றம் எந்த வாசகத்தில் நடைமுறைக்கு வருமோ அதே வாசகத்தில் வாக்குக்கு வர வேண்டும். ‘மறுவரிசை வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டு வாக்கெடுத்துவிட்டு வாசகத்தைப் பிறகு எழுதுவது, வாக்களித்தவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருந்த வெவ்வேறு விதிகளுக்கு ஒரே பெயர் சூட்டுவதாகும். நாங்கள் இப்போது பின்பற்றும் வாசகத்தின் ஒரு பகுதியை மாதிரிக்குத் தருகிறேன்:

‘ஒவ்வொரு சுற்றும் முடிந்த பின், மிஞ்சிய அணிகள் வழக்கமான சீசன் தரவரிசைப்படி மீண்டும் அடுக்கப்படும். மேலே உள்ள அணி கீழே உள்ள அணியோடு மோதும். மேலே உள்ள அணிக்கு முதல், இரண்டாம், ஐந்தாம், ஏழாம் ஆட்டங்கள் சொந்த அரங்கில் நடைபெறும். இவ்விதி, வாக்கெடுப்பு முடிந்த நாளுக்குப் பின் தொடங்கும் முதல் முழுச் சீசனிலிருந்து நடைமுறைக்கு வரும்.’

கடைசி வாக்கியத்தில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். சீசனின் நடுவில் மேலாளர்கள் டிரேட் செய்திருப்பார்கள். எட்டாம் இடம் கிடைக்கும் என்ற கணக்கில் ஒருவர் டிராஃப்டின் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்று உரிமையையே விற்றிருப்பார். இடங்களை எட்டிலிருந்து ஆறாகக் குறைத்தால் அவர் விற்ற பொருளின் விலை அவருக்குத் தெரியாமலேயே மாறிவிடும். அதனால்தான் வாக்கெடுப்புக்கு ஏற்ற காலம், கோப்பை கைமாறிய பிறகும் டிராஃப்டுக்கு முன்பும் உள்ள சில நாட்கள். அப்போது அடுத்த ஆண்டு யார் பலமாக இருப்பார்கள் என்பது ஓரளவுக்கே தெரியும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைப்பது எனக்குப் பிடித்த அளவு. பாதிக்கு ஒன்று கூடுதல் என்று வைத்தால் ஆண்டுதோறும் விதி முன்னும் பின்னும் போய் வரும். கமிஷனருக்கும் ஓர் அணி இருந்தால் அவருக்கும் ஒரே வாக்குதான். சமமாகப் பிரிந்தால் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருக்கக் கூடாது, பழைய விதியே நீடிக்கட்டும்.

பிளேஆஃபின்போது லைன்களை அனுப்பும் கெடு, அனுப்பாதவருக்கு முந்தைய ஆட்டத்தின் லைன்களே தொடரும் என்பது, காயங்கள் இயங்குமா என்பது ஆகிய மூன்றையும் இதே வாக்கெடுப்பில் முடித்துவிடலாம். இவற்றில் பெரிய வாதம் எழுவதில்லை.

எம்விபி: முதலில் ஒரு வாக்கியம்

இனி மற்ற சண்டை. எம்விபி விவாதத்தில் இருவர் மணிக்கணக்கில் மோதிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அவர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றி முரண்படவில்லை. ‘மதிப்பு’ என்ற சொல்லைப் பற்றியே முரண்படுகிறார்கள். ஒருவர் லீகிலேயே சிறந்தவர் யார் என்று கேட்கிறார். மற்றவர் யார் இல்லாவிட்டால் எந்த அணி கவிழ்ந்திருக்கும் என்று கேட்கிறார்.

என்எச்எல் இந்த இரண்டுக்கும் இரண்டு விருதுகள் வைத்திருக்கிறது. ஹார்ட் கோப்பை, தன் அணிக்கு மிக மதிப்புமிக்கவர் என்று ஹாக்கி எழுத்தாளர் சங்கத்தினர் கருதும் ஆட்டக்காரருக்கு. டெட் லிண்ட்சே விருது, மிகச் சிறந்தவர் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவருக்கு. 2018இல் இரண்டும் பிரிந்தன. எட்மன்டனின் கானர் மெக்டேவிட், கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) கூட்டிய 108 புள்ளிகளோடு லீகில் முதலிடம் பிடித்தும் அவர் அணி பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. நியூ ஜெர்சியின் டெய்லர் ஹால் 93 புள்ளிகளோடு தன் அணியை உள்ளே இழுத்து வந்தார். எழுத்தாளர்கள் ஹாலைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆட்டக்காரர்கள் மெக்டேவிட்டை. இரு முடிவும் சரி; கேள்விகள்தாம் வேறு. ஆனால் பிளேஆஃபுக்குள் நுழையாத அணியிலிருந்து ஹார்ட் வென்றவரே இல்லை என்று யாராவது வாதிட்டால், 1988இல் பிட்ஸ்பர்கின் மரியோ லெமியூ வென்றதைச் சொல்லுங்கள்.

ஆகவே சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன் வாக்குச் சீட்டின் தலைப்பில் வரப்போகும் ஒரு வாக்கியத்தை முடிவு செய்து வெளியிடுங்கள். பெரிய லீகாக இருந்தால் இரண்டு விருதுகளும் வையுங்கள். சிறியதாக இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பிளேஆஃபுக்குள் வராத அணியின் ஆட்டக்காரர் தகுதியுடையவரா, கோல்கீப்பர் தகுதியுடையவரா, குறைந்தது எத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் ஆகிய மூன்றுக்கும் அந்த வாக்கியத்தின் கீழேயே விடை இருக்க வேண்டும்.

வாக்காளர் கையில் கொடுக்க வேண்டிய தாள்

சிமுலேஷன் லீகில் வாக்காளர்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, எண்களைத்தான் பார்க்கிறார்கள். எனவே எந்த எண்ணை முதலில் காட்டுகிறீர்களோ அதுவே தீர்ப்பாகிவிடும். கோல், அசிஸ்ட் கூட்டல் வரிசையில் முதல் பத்துப் பேரை மட்டும் ஒட்டினால் ஒரு ஃபார்வர்டுதான் வெல்வார். நிஜத்திலும் இந்தச் சாய்வு உண்டு: 1972இல் பாபி ஆருக்குப் பிறகு ஹார்ட் கோப்பையை வென்ற அடுத்த டிஃபென்ஸ்மேன் 2000இல் கிரிஸ் ப்ராங்கர்.

கோல்கீப்பரை ஒப்பிட ஓர் எளிய கணக்கைத் தாளில் சேர்க்கலாம். ஒருவர் 1,800 ஷாட்டுகளை எதிர்கொண்டு .918 சேவ் விகிதம் (தடுத்த ஷாட்டுகளின் பங்கு) வைத்திருக்கிறார், லீகின் சராசரி .905 என்று கொள்வோம். வித்தியாசம் .013, அதை 1,800ஆல் பெருக்கினால் 23.4. ஒரு சராசரி கோல்கீப்பர் அதே ஷாட்டுகளை எதிர்கொண்டிருந்தால் விட்டிருக்கக்கூடிய கோல்களில் 23ஐ இவர் தடுத்திருக்கிறார் என்று பொருள். இதன் பக்கத்தில் 90 புள்ளி எடுத்த ஃபார்வர்டை வைக்கும்போது, ஒரே கோலுக்கு அடித்தவருக்கும் அசிஸ்ட் செய்த இருவருக்கும் சேர்த்து மூன்று புள்ளிகள் வரை பதிவாகும் என்பதை நினைவூட்டுங்கள். 90 புள்ளி என்பது 90 கோலல்ல. கோல்கீப்பர்கள் அரிதாக வெல்வதில் வியப்பில்லை. ஆனாலும் டொமினிக் ஹாசெக் 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும், கேரி பிரைஸ் 2015இலும், கானர் ஹெலபக் 2025இலும் வென்றிருக்கிறார்கள்.

தாளில் சேர்க்கக் கூடாதது ஆட்டக்காரரின் திறன் மதிப்பெண். ஓவரால் 88 என்று பக்கத்தில் எழுதியிருந்தால் வாக்காளர் சீசனை மறந்து அந்த எண்ணுக்கு வாக்களிப்பார். சேர்க்க மறக்கக் கூடாதது, சீசனின் நடுவில் டிரேடான ஆட்டக்காரரின் முழுக் கணக்கு. சில மென்பொருள்கள் இரு அணிகளுக்கும் தனித்தனி வரியாகப் பிரித்து ஏற்றுமதி செய்யும். 41 புள்ளி ஓர் இடத்தில், 47 இன்னோர் இடத்தில் என்று கிடப்பதைக் கூட்டாமல் விட்டால் 88 புள்ளி எடுத்தவர் முதல் ஐம்பதில்கூடத் தெரியமாட்டார். நான் ஒருமுறை அப்படி விட்டேன்; அந்த ஆட்டக்காரரின் மேலாளர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

வாக்கெண்ணும் முறை

ஆளுக்கு ஒரு பெயர் என்ற முறையைத் தவிருங்கள். பன்னிரண்டு வாக்காளர்களும் அ, ஆ, இ என்ற மூன்று போட்டியாளர்களும் இருப்பதாகக் கொள்வோம். ‘அ’வை முதலிடத்தில் எழுதியவர்கள் ஐவர், ‘ஆ’வை நால்வர், ‘இ’யை மூவர். ஒற்றைப் பெயர் முறையில் ‘அ’ வென்றுவிடுவார். இப்போது முழு வரிசையையும் கேட்போம்: முதல் ஐவர் இரண்டாவதாக ‘ஆ’வையும் மூன்றாவதாக ‘இ’யையும் எழுதுகிறார்கள், ‘ஆ’வின் நால்வர் இரண்டாவதாக ‘இ’, மூன்றாவதாக ‘அ’, ‘இ’யின் மூவர் இரண்டாவதாக ‘ஆ’, மூன்றாவதாக ‘அ’. முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி கொடுத்தால் ‘ஆ’வுக்கு 44, ‘அ’வுக்கு 32, ‘இ’க்கும் 32. எல்லோருடைய சீட்டிலும் முதல் இரண்டு இடங்களுக்குள் இருந்தவர் வென்றிருக்கிறார். ஏழு பேர் கடைசியில் எழுதியவர் வெல்லவில்லை. ஹார்ட் கோப்பைக்கு ஐந்து பெயர்கள், 10-7-5-3-1 என்ற கணக்கு. இருபது பேருக்குக் கீழ் வாக்காளர்கள் உள்ள லீகுக்கு மூன்று பெயரே போதும் என்பது என் அனுபவம். ஐந்து கேட்டால் நான்காம், ஐந்தாம் இடங்களைத் தோன்றியபடி நிரப்பிவிடுகிறார்கள்.

மேலே ‘அ’வும் ‘இ’யும் 32இல் சமமாக நின்றதைக் கவனித்திருப்பீர்கள். முதலிடத்துக்கே அப்படி நேரலாம். 2002இல் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஹோசே தியோடரும் கால்கரியின் ஜரோம் இகின்லாவும் ஹார்ட் வாக்கில் சரிசமமாக வந்தார்கள். முதலிட வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்த தியோடருக்குக் கோப்பை போனது. அதே விதியை நீங்களும் முன்கூட்டி எழுதி வையுங்கள். அதுவும் சமமானால் இருவருக்கும் விருதைப் பகிர்ந்து கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

தரவரிசை வாக்கில் ஒரு தந்திரம் நுழையும்: தன் ஆட்டக்காரருக்குப் போட்டியாக இருப்பவரை வேண்டுமென்றே சீட்டிலிருந்து விட்டுவிடுவது. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. தன் அணியின் ஆட்டக்காரருக்கு வாக்களிக்கக் கூடாது என்பது ஒன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆட்டக்காரரை உருவாக்கி வளர்க்கும் லீகுகளில் தன் ஆட்டக்காரருக்குக் கூடாது என்று இதை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு வெளியான பின் எல்லாச் சீட்டுகளையும் பெயரோடு வெளியிடுவது மற்றொன்று. ஹாக்கி எழுத்தாளர் சங்கம் 2018 முதல் அப்படித்தான் செய்கிறது. வெளிச்சம் வந்ததும் தந்திரம் குறையும். ஆனால் ஒற்றை மாற்றுக் கருத்தைத் தந்திரம் என்று முத்திரை குத்தாதீர்கள். 2023இல் மெக்டேவிட் 153 புள்ளிகள் எடுத்தபோதுகூட 196 முதலிட வாக்குகளில் ஒன்று வேறொருவருக்குப் போயிற்று.

வாக்கு முடியும் நேரம் பிளேஆஃபின் முதல் ஆட்டம் ஓடுவதற்கு முன் இருக்க வேண்டும். நிஜ லீகின் முறையும் அதுவே. ஒரு நாள் தள்ளிப்போனாலும் முதல் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் சீசன் முழுவதும் சிறந்தவராகத் தோன்ற ஆரம்பித்துவிடுவார். பிளேஆஃப் சாதனைக்கென்று தனி விருது வைத்துவிட்டால் இந்த உறுத்தலும் இல்லை. 1965 முதல் வழங்கப்படும் கான் ஸ்மைத் கோப்பை அதற்கானது. தோற்ற அணியிலிருந்தும் அது கொடுக்கப்படலாம் என்பதை உங்கள் விதியிலும் எழுதுங்கள். ரோஜர் க்ரோசியர், க்ளென் ஹால், ரெஜி லீச், ரான் ஹெக்ஸ்டால், ஜான்-செபாஸ்டியன் ஜிகேர் ஆகியோருக்குப் பிறகு 2024இல் மெக்டேவிட் அப்படி வென்ற ஆறாமவர். இவர்களில் லீச்சும் மெக்டேவிட்டும் மட்டுமே கோல்கீப்பர் அல்லாதவர்கள்.

இறுதி ஆட்டம் ஓடி முடிந்ததும் இந்த இரண்டாவது வாக்குக்கு 48 மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் வழக்கமான சீசன் புள்ளிவிவரம், பிளேஆஃப் புள்ளிவிவரம், வாக்குச் சீட்டுகள், அன்றைய விதிப்புத்தகத்தின் நகல், லீக் கோப்பு ஆகிய ஐந்தையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, கமிஷனர் அல்லாத ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அதன் பிறகே அடுத்த சீசனைத் தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். அழுத்திய பின் அந்தக் கோப்பில் பழைய சீசனுக்குத் திரும்ப வழியில்லை.